அளவாகக் குடிக்கலாமாம்

விடுமுறைக்குக் கொரியா போகலாம் என்று சொன்னது நான் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது, காது அடைத்துவிடும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டீர்கள், நன்றி, வேண்டாம். என் டொச் மொழி எப்படி என்று இன்டர்லாக்கனில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாங்கள் எல்லோரும் ஒரே ஹோட்டல் சமையலறை. நான் காலைச் சாப்பாட்டுப் பகுதி. தம்பித்துரை அண்ணை மரக்கறி வெட்டுவார். ராசன், உங்கள் கடதாசியில் இராஜேந்திரன் என்று இருப்பவன், பாத்திரம் கழுவும் மெஷினில் நின்றான். பார்க் என்றொரு கொரியர் இருந்தார். கொரியச் சுற்றுலாக் குழுக்கள் மலை பார்க்க வரும்போது அவர்களுக்குச் சோறும் சூப்பும் சமைப்பதற்காக முதலாளி பிடித்துவைத்த ஆள். தொண்ணூற்றேழு கடைசியில் அவர்கள் நாட்டுக் காசு விழுந்தது, குழுக்கள் வருவது நின்றது. அடுத்த வருடம் பார்க்குக்கும் வேலை நின்றது. நவம்பரில், கோடைக்கும் பனிக்கும் நடுவே ஹோட்டலைப் பூட்டுவார்கள் அல்லவா, அந்தச் சமயம் ஊருக்கே திரும்பப் போவதாகவும், இப்போது அங்கே எல்லாம் மலிவு, வந்து ஒரு கிழமை குடித்துக் கூத்தடித்துவிட்டுப் போங்கள் என்றும் பார்க் கூப்பிட்டார். ராசன் சின்னப்பிள்ளை போல் துள்ளினான். அவன் அதுவரை விடுமுறை என்று எங்கும் போனதில்லை.

அங்கே அவன் இறந்துபோனான். இறக்கக்கூடும் என்பது இங்கிருந்து புறப்படுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நீங்கள் கேட்பது அதைத்தானே, சொல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டும். எண்பத்தைந்தில் ஒரே பயணத்தில் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். நான் மன்னாரில் ஃபாதர்மாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவன், டொச் சீக்கிரம் பிடிபட்டது. ராசனுக்கு வரவேயில்லை. சூடு, கெதி, கவனம், சுத்தம், சமையலறைக்குள் வேண்டிய அந்த நாலைந்து சொல்லோடு அவன் பதின்மூன்று வருடம் ஓட்டினான். மீதிக்கெல்லாம் நான். பெர்மிட் புதுப்பிக்க நான். வீடு எடுக்க நான். அவன் மனைவி றஞ்சினிக்கு மூத்தவள் தனுஷியா பிறந்தபோது, பிரசவ அறைத் திரைச்சீலைக்கு வெளியே நின்று, "முக்கட்டாம், இப்ப முக்க வேண்டாமாம், மூச்சை விடட்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது நான். கலியாணம் ஆகாத ஒருவன் அங்கே நின்ற நிலையை யோசித்துப் பாருங்கள்.

"ஞானப்பிரகாசம்தான் என்ரை வாய்," என்று ராசன் எல்லோரிடமும் சொல்வான். சந்தோஷத்தோடு சொல்வான். எனக்கு மூச்சு முட்டும். ஹம்புர்க்கில் எனக்கொரு பெண் பார்க்கப் போக இருந்த நாளில் அவனுக்குப் பல்வலி வந்தது, நான் போகவில்லை. சோலோதுர்னில் முதியோர் இல்லமொன்றில் நல்ல வேலை கிடைத்தது, அதற்கும் போகவில்லை. கட்டிவைத்த மாடுகூடக் கயிற்றின் நீளத்துக்கு மேயும். என் கயிறு அவன் வீட்டுக் கதவிலிருந்து என் அறைக் கதவு வரைக்கும்தான். இந்த ஊரைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஏரி, மற்ற இரண்டு பக்கமும் மலை. நான் வேறு எங்கே போவது.

ஒக்டோபரில் அவனுக்குக் கால் வீங்கியது. கண் மஞ்சளித்தது. றஞ்சினி அழுது மன்றாடி அவனை அனுப்பிவைத்தாள், வழக்கம்போல் நானும் கூடப் போனேன். பரிசோதனை எல்லாம் முடிந்து டொக்டர் எங்களை உட்கார வைத்தார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ஈரல் கெட்டுவிட்டது, உணவுக் குழாயில் இரத்தக் குழாய்கள் வீங்கி நிற்கின்றன, இனி குடியை ஒரு துளியும் தொடக்கூடாது, தொட்டால் அவை வெடித்து இரத்தம் கக்கிச் சாவார், தொடாவிட்டால், மருந்தை ஒழுங்காக எடுத்தால், பிள்ளைகள் வளர்ந்து ஆளாவதைப் பார்க்கலாம். இதுதான் அவர் சொன்னது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"என்னவாம்?" என்றான் ராசன்.

"ஈரலிலை கொஞ்சம் கொழுப்பாம். பொரியலைக் குறைக்கட்டாம்."

"குடியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? கேள் மச்சான். விடச் சொன்னா நான் இண்டைக்கே விடுறன்."

நான் டொக்டரிடம் திரும்பி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்று கேட்டேன். பின் என்றார். நான் ராசனிடம், "அளவாகக் குடிக்கலாமாம்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் டொச்சில் யார் எது சொன்னாலும் "யா, யா" என்று தலையாட்டிவிடுவோம். சமையலறையில் வேலை போகாமல் இருக்கப் பழகியது. விளங்கியதா என்று டொக்டர் அவனையே நேராகக் கேட்டார். ராசன் சிரித்துக்கொண்டு, "யா, யா," என்றான். டொக்டர் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு தைரியமாக யாரும் இதைக் கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஏன் என்று உடனே கேட்காதீர்கள். அவனைப் பயப்படுத்தக் கூடாது என்று அப்போது நினைத்தேன். பதின்மூன்று வருடம் சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவன் நான். எவ்வளவு நல்ல சமையல்காரனும் ஒரு நாள் உப்புப் போட மறப்பான்.

றஞ்சினிக்கும் அதையேதான் சொன்னேன். அவள் திரிம்பாக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ராசனும் கூடப் போய், கொரியாப் பயணத்தோடு குடியை அடியோடு விடுவதாக அங்கே நேர்ந்துகொண்டானாம். "கடைசி ஆட்டம் மச்சான், ஒரு கிழமை, அதுக்குப் பிறகு நான் சன்னியாசி," என்றான். தம்பித்துரை அண்ணை, "நாய் வாலை நிமித்தின கதைதான்," என்று கேலி செய்தார். நான் எல்லோருக்கும் விசா எடுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் தலைநகர் சோல் பெரிய நகரம். பகலில் பார்த்தால் சாம்பல் நிறம், விளக்குப் போட்டால் கலியாண வீடு. தேவாலயங்களின் உச்சியில் சிலுவையைச் சிவப்பு வெளிச்சத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள், குடிக்கடைப் பலகைகளுக்கு நடுவில் அதுவும் மின்னுகிறது. தெருவோரத்தில் கூடாரம் அடித்த கடைகள். கணவாயை நெருப்பில் வாட்டித் தருவார்கள், பச்சைப் போத்தலில் சோஜு என்ற வெள்ளைச் சாராயம். அங்கே ஒரு வழக்கம். யாரும் தன் கிளாஸைத் தானே நிரப்பக்கூடாது, பக்கத்தில் இருப்பவன்தான் ஊற்ற வேண்டும். வயதில் மூத்தவருக்கு என்றால் போத்தலை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பார்க் சொல்லித் தந்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முதல் நாளே ராசனின் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். கூடாரம், காசு கொடுத்து மைக் பிடித்துப் பாடும் பாட்டறை, மறுபடி கூடாரம் என்று எங்கே போனாலும் அந்த இடம் என்னுடையதுதான்.

எந்தக் குற்றமும் சொல்ல முடியாத நாட்கள் அவை. பாட்டறையில் தமிழ்ப் பாட்டு இல்லை என்று ராசன் இசையில்லாமலே தொண்டை கிழியப் பாடினான், பார்க்கின் கூட்டாளிகள் கைதட்டினார்கள். நான் அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறையக் குறைய ஊற்றினேன். ஒருமுறை என் காதுக்குள் குனிந்து, "டொக்டர் அளவா எண்டுதானே சொன்னவர்? எது அளவு மச்சான்?" என்று கேட்டான். "நீ ஆம்பிளைதானே, உன்ரை அளவு உனக்குத் தெரியாதோ," என்றேன்.

கடைசிக்கு முதல்நாள் பார்க்கின் மாமா எங்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைத் தலை, மிலிட்டரியில் இருந்தவர் போல் நிமிர்ந்த உட்காரல். ராசன் அன்று களைத்துப்போயிருந்தான், முகம் வேப்பம்பூ நிறம். கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். மாமா அவனை உற்றுப் பார்த்துவிட்டுப் பார்க்கிடம் ஏதோ சொன்னார். பார்க் எனக்கு டொச்சில் சொன்னார்: உங்கள் நண்பருக்கு உடம்பு சரியில்லை, அவருக்கு இனி ஊற்ற வேண்டாம், பார்லித் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார் மாமா.

"என்னவாம்?" என்றான் ராசன்.

"நீ கையாலை மூடினது பெரியவருக்கு மனம் நொந்துபோச்சாம். அவர் வீட்டு ஆக்களையே அவமதிச்ச மாதிரியாம்."

ராசன் பதறிப்போய்க் கையை எடுத்தான். மரியாதை தெரிந்த பிள்ளை அவன், எதைப் பிடித்தால் அவன் வளைவான் என்று எனக்குத் தெரியும். அவனே இன்னும் வேண்டும் என்கிறான் என்று பார்க்கிடம் டொச்சில் சொல்லிவிட்டு, நான் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினேன். கிழவர் கொஞ்சம் திகைத்தார். எங்கள் ஊர் முறை அப்படியாக்கும் என்று நினைத்திருப்பார், தன் கிளாஸையும் தூக்கினார். தம்பித்துரை அண்ணைக்கும் டொச் அரைகுறை, அவர் கணவாயில் கவனமாக இருந்தார். அந்தப் போத்தல் முடிந்தது. பிறகு இன்னொன்றும்.

மறுநாள் காலை ஹோட்டல் குளியலறையில் ராசன் இரத்தம் கக்கினான். கைகழுவும் தொட்டி நிறைந்துபோயிருந்தது. ஆம்புலன்ஸை உடனே கூப்பிட்டதே நான்தான், அதையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், ஆங்கிலம் பேசுகிறவர், முன்பு ஈரல் வருத்தம் ஏதும் இருந்ததா என்று என்னைக் கேட்டார். இல்லை, இங்கத்தைய உறைப்புச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ராசன் என் விரலைப் பிடித்திருந்தான்.

"ஞானம், என்ன கேக்கிறார்?"

"உன்ரை வயசு எத்தினை எண்டு கேக்கிறார்."

"நாப்பது எண்டு சொல்லு," என்றான். அவன் பேசியதில் கடைசி அதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. பெட்டியை இங்கே கொண்டுவருவதற்கு வேண்டிய கதையெல்லாம் நான்தான் கதைத்தேன். செத்த வீட்டில் றஞ்சினி என் தோளில் விழுந்து, "நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம் அண்ணை," என்று கதறினாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதின்மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சொல் அது.

எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்கே தெரியும். ராசன் ஏன் மறுபரிசோதனைக்கு வரவில்லை என்று இங்கத்தைய டொக்டரின் இடத்திலிருந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தார்கள். தனுஷியா எடுத்திருக்கிறாள். அப்பா செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறாள். குடித்தாரா என்று அவர்கள் கேட்க, அளவாகக் குடிக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை.

அன்று டொக்டரிடம் போகும் முன், வெளியே காத்திருந்த அறையில் ராசன் என்னிடம் என்ன சொன்னான் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அவன் வீட்டில் போய்ச் சொன்னதை அந்தப் பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போல. சரி. என் முழங்காலில் கையை வைத்து அவன் சொன்னான்: "ஞானம், இதுதான் கடைசி. இனி உன்னை அலைக்கழிக்க மாட்டன். தனுஷியா இப்ப டொச்சிலை வெளுத்துக் கட்டுறாள், அடுத்த முறை அவளோடை வாறன். நானும் பின்னேர வகுப்பிலை பேர் குடுத்திட்டன். நீ சோலோதுர்னுக்குப் போ, ஒரு கலியாணத்தைச் செய். உன்ரை வாழ்க்கையை நான் பாழாக்கிப்போட்டன்."

சொல்லிவிட்டு அழுதான். நான் அவனுக்குக் கைக்குட்டை கொடுத்தேன். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். பதின்மூன்று வருடம் ஒருவனைத் தோளில் சுமந்து கடந்தவனை, கரை கண்டதும், சரி நீ போ என்று சொல்வது எவ்வளவு லேசு. எங்கே போவது. சோலோதுர்னில் என்னை யாருக்குத் தெரியும். அதற்குள் தாதி எங்கள் பேரைக் கூப்பிட்டுவிட்டாள், உள்ளே போனோம்.

ஓம், நான்தான் கொன்றேன். ஊற்றியதும் நான், சொல்லாமல் விட்டதும் நான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஓர் உதவி மட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை றஞ்சினியின் பெர்மிட் விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். புருஷன் இல்லாதபடியால் இனி அவளையும் பிள்ளைகளையும் இங்கே வைத்திருப்பதா என்று பார்ப்பார்கள். அவளுக்கு ஒரு சொல் தெரியாது, "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். விலங்கு போட்டுக் கூட்டிப்போனாலும் பரவாயில்லை, ஒரு மணித்தியாலம் போதும்.

நாளை முன்னுக்குப் போட்டு நேற்றே முடித்துவிட்டார்களா. தனுஷியாவா போய்க் கதைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றா சொன்னார்கள். இல்லை ஐயா, அப்படி இருக்காது, நீங்கள் தயவுசெய்து இன்னொருமுறை விசாரித்துப் பாருங்கள். அது சின்னப்பிள்ளை, எதையாவது சொல்லாமல் விட்டிருக்கும்.