வெறும் பாட்டிலின் எடை

— மறுபடியும் தீர்ந்துடுச்சா மாமா?

— தீர்ந்துடுச்சும்மா. ரொப்பிக் குடு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு... அதே எலுமிச்சை வாசனை.

— நேத்துத்தானே ரொப்பிக்கிட்டுப் போனீங்க?

— நேத்தா? முந்தாநாள் இல்லையா?

— நேத்துதான். இதே ஸ்டூல்ல உக்காந்து, இருட்டுற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தீங்க.

— வீடுன்னா பாத்திரம் சேரத்தானே செய்யும்.

— தனி ஆளு நீங்க. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதுக்கு ஒரு பாட்டில் சோப்பா? தட்டு தேஞ்சு ஓட்டையாயிடும்.

— வாங்க வந்தவனை விரட்டுற கடைக்காரியை இப்பத்தான் பாக்குறேன். ஊத்தும்மா...

— இருங்க, தராசுல வைக்கணும்.

— தினமும் வைக்கிறியே, என் பாட்டில் என்ன இளைச்சா போயிடும்?

— வெறும் பாட்டில் எடையை அடியில எழுதி வெச்சிருக்கோம்ல? அதைக் கழிச்சாத்தானே சோப்பு எவ்வளவுன்னு தெரியும். உங்க பையன் கொண்டுவந்த வழக்கம் இது. என்னைக் கேக்காதீங்க.

— இது... அவன் எழுதினதுதானே?

— கோழி கிண்டின மாதிரி இருக்கே, வேற யாரோடதா இருக்கும்?

— அதான். கழுவுறப்போ அந்த இடத்துல மட்டும் கையை வைக்கிறதில்ல. அழிஞ்சுடப் போகுதுன்னு...

— மாமா.

— என்ன?

— அடியில எழுதின எடையே அப்படியே காட்டுது.

— நல்லதுதானே? அப்போ தராசு சரியா இருக்கு.

— யாரு கொண்டுவந்தாலும் உள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். எடை துளி கூடத்தான் காட்டும். உங்க பாட்டில் மட்டும் கழுவி, வெயில்ல காய வெச்சு வருது. சோப்பை என்ன பண்றீங்க?

— பார்சல் ஆபீஸ்ல மூட்டை எடை போட்டே தலை நரைச்சவன்மா நான். காலின்னா சுத்தமா காலியா இருக்கணும். அந்தப் புத்தி...

— பேச்சை மாத்தாதீங்க. சோப்பு எங்க?

— வாளியில.

— எந்த வாளியில?

— குளியலறையில. ரெண்டு ரொம்பிடுச்சு. மூணாவதுக்கு மூடி இல்ல. நேத்து வழுக்கி விழப் பாத்தேன்.

— ஐயோ மாமா! எதுக்கு இந்தக் கூத்து?

— சும்மா வந்து உக்காந்தா நல்லா இருக்குமா? ஒரு சாக்கு வேணாமா... அதுவும் இந்தக் கடையில. "படிச்ச பிள்ளைங்க, கண்டவன் பாட்டில்ல சோப்பு ஊத்துறதெல்லாம் ஒரு பொழைப்பா"ன்னு இதே வாசல்ல நின்னு கத்தினவன் நான்.

— அதெல்லாம் விடுங்க.

— எப்படி விடறது? அந்தப் பேச்சுக்குத்தானே கடலைத் தாண்டிப் போனான். கூட்டாளி உன்னையும் கடையில ஒண்டியா விட்டுட்டு... சரி. இன்னிக்கு என்ன சொன்னான்?

— யாரு?

— யாரா? காலையில உனக்குப் போன் பண்ணுவானே, அவன்தான்.

— ஆங்... பண்ணினான். அங்க நல்ல குளிராம்.

— சாப்பிட்டானாமா?

— சாப்பிட்டானாம்.

— இன்னிக்கும் ஆம்லெட்தானா?

— ஆமா. அவனே போட்டுக்கிறானாம். ஒரு நாள்கூட விடறதில்லையாம்.

— ம்... சாப்பிடட்டும். என்னைக் கேட்டானா?

— கேக்காம இருப்பானா? முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டான்.

— நான் போன் அடிச்சா மட்டும் எடுக்கிறதில்ல. இருக்கட்டும்... கோவம் தீரட்டும்.

— மாமா... நானும் ஒண்ணு சொல்லணும். கடையை மூடப் போறேன்.

— என்னது?

— இந்த மாசத்தோட. முடியல மாமா. கேனைத் தூக்கி, சோப்பு கலக்கி, வீடு வீடாப் போய்க் குடுத்து... எல்லாம் ஒத்தையா. ஷட்டரை இழுத்துவிட்டுட்டுத் திரும்பினா, "அப்பாடா"ன்னு சொல்லக்கூட பக்கத்துல ஆள் இல்ல. ஒரு ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க.

— வேலை கிடைக்காம அலையிற பிள்ளைங்க நாலு பேருக்கு நாமளே வேலை குடுப்போம், ஊர்ல பிளாஸ்டிக் குப்பையும் குறையும்... என்னென்னமோ பேசினீங்களே ரெண்டு பேரும்?

— ரெண்டு பேரும்தானே பேசினோம்? இப்போ ரெண்டு பேரா இருக்கோம்?

— நேத்து ஒரு பொண்ணு வந்துச்சே. "படிச்சுட்டு வீட்ல முடங்கிக் கிடக்கேன் அக்கா, சைக்கிள் நல்லா ஓட்டுவேன்"னு...

— அனுப்பிட்டேன். மூடப் போற கடைக்கு எதுக்கு ஆளு?

— கூப்பிடு அவளை. வீடுகளுக்கு அவ போய்க் குடுக்கட்டும். நீ சோப்பு கலக்கு. நான் இங்க உக்காந்து எடை போடறேன்.

— விளையாடாதீங்க மாமா.

— விளையாடல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான். அவன் எழுதின மாதிரியே அடியில எழுதுவேன்... இன்னும் கொஞ்சம் அழகா.

— கடை மேல உங்களுக்கு எப்போ வந்துச்சு இவ்வளவு பாசம்?

— நீ மூடிட்டா அவன் சேதியை நான் எங்க போய்க் கேப்பேன்?

— மாமா... திட்டாதீங்க. அவன்...

— வேணாம். பாட்டில்ல சோப்பை ஊத்து.

— இல்ல, சொல்லிடறேன். அவன் எனக்கும்...

— வேணாம்னு சொல்றேன்ல?

— அவன் எனக்கும் போன் பண்றதில்ல மாமா. போனதுலேர்ந்து ஒரு தடவைகூட இல்ல. உங்க முகத்தைப் பாத்துட்டு, நானாத்தான்... நானாத்தான் தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டு இருந்தேன்.

— தெரியும்மா. சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு முட்டை ஆகாது. ஒரு வாய் வெச்சாப் போதும், உடம்பெல்லாம் தடிச்சுடும். முதல் தடவை நீ ஆம்லெட்னு சொன்ன அன்னிக்கே புரிஞ்சுபோச்சு... வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் அதே பாட்டிலைக் கழுவி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நாளைக்கும் வருவேன், கடையைத் திறந்து வை. அவனை மட்டும்... வேற ஏதாவது சமைக்கச் சொல்லு.