பேணியில் சத்தம் கேட்கும்வரை

பெருமதிப்பிற்குரிய சபைத் தலைவர், முசலி மண் ஈன்ற முத்து, கனிவுக்கு மறுபெயரான எங்கள் பாஹிம் நானா அவர்களே! அருளோடும் அன்போடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! இலுப்பைக்கடவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஐயாமாரே! கடலை நம்பிக் கணவரை அனுப்பிவிட்டுக் கலங்காமல் கரையில் நிற்கும் தாய்மாரே! மணலிலே பிறந்து, மணலிலே நடந்து, மானத்தை மட்டும் மணலில் புதைக்காத மன்னார் மக்களே! இந்தத் தரவை வெளியின் மூத்த குடிகளாகிய, வேலிக்கு அப்பால் காதை நிமிர்த்தி நிற்கும் எங்கள் கழுதைகளே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவையும் எங்கள் கழகத்தின் அங்கத்தவர்கள்தான், சந்தா மட்டும் கட்டுவதில்லை.

அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்! நான் நறுவிலிக்குளம் அரிசி ஆலைச் சிவசுப்பிரமணியம். இந்தக் கோல்ஃப் கழகத்தின் முன்னாள் சாம்பியன். அந்த ‘முன்னாள்’ என்ற சொல்லை இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் மனிதனை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? என்னை முன்னாள் ஆக்கியவர் இதோ மேடையில், மாலையின் பாரம் தாங்காமல் தலைகுனிந்து இருக்கிறார். பேசாலை ஐஸ் கொம்பனியில் வேலை பார்க்கும் எங்கள் தங்கச்சி பெற்றிசியா! அவரிடம் நான் தோற்றேன். ஒருமுறை அல்ல, ஓயாமல் தோற்றேன். தோற்றதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை. இன்றைக்கு இந்த ஊரிலே என்னைவிடப் பெருமைப்படும் மனிதன் எவனும் இல்லை!

என்ன சொல்கிறார் அங்கே பின்வரிசை ஐயா? “மீன் பிடிக்கிற ஊரில என்னத்துக்கு கோல்ஃப்?” நல்ல கேள்வி. நானும் கேட்ட கேள்வி. பெற்றிசியாவின் தம்பி மில்ரன் வளைகுடா நாட்டிலே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை செய்தார். அங்கே கழித்துவிட்ட மட்டைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். அவர்களுக்குப் பச்சைப் புல்வெளி இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? தரவை இருக்கிறது, காற்று இருக்கிறது, கடவுள் தந்த மணல் இருக்கிறது! மணலை நனைத்து உருளை போட்டுத் தட்டையாக்கினோம். நடுவிலே பால்மா வந்த தகரப் பேணியைப் புதைத்தோம். குழி தயார்! மூன்றே மூன்று குழிகள். மூன்றையும் ஆறு தரம் சுற்றினால் பதினெட்டு. பந்தைப் பேணிக்குள் போட எத்தனை அடி எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. அடி குறைந்தால் வெற்றி. ஐயா, விளையாட்டு இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்றால், எங்கே வந்தது வில்லங்கம்? எங்கள் நல்ல குணத்தில் வந்தது!

அன்பர்களே, மன்னாரிலே ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்ப முடியுமா? ஒருவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா நிற்போமா? மாட்டோம். அந்த மரியாதையை நாங்கள் தரவைக்கும் கொண்டுபோனோம். பந்து பேணிக்கு அருகில், ஒரு முழத்தில், கிடக்கும். அடிக்க வேண்டியவர் குனிவார். உடனே தலைவர் பாஹிம் நானா, தேனிலே தோய்த்தெடுத்த குரலில் சொல்லுவார்: “விடுங்கோ, விடுங்கோ! அது போன மாதிரித்தான். எடுங்கோ பந்தை.” ஒரு முழம் இரண்டு முழமானது. இரண்டு முழம், இரு கையும் விரித்த ஒரு பாகமானது. ஒருநாள் எனது பந்து கழுதையின் காலடியில் கிடந்தது. அதற்கும் “விடுங்கோ” என்றார்! அவர் எனக்கு விட்டால் நான் அவருக்கு விடாமல் இருக்கலாமா? அது என்ன மனிதப் பண்பு?

தலைவர் முகத்தை மூடிக்கொள்கிறார். நானா, கையை எடுங்கோ, இது உங்கள் புகழுரைதான்.

இப்படி விட்டு விட்டு விளையாடித்தான் பெற்றிசியாவின் கணக்கு எண்பத்தாறுக்கு வந்தது. ஆகா! எண்பத்தாறு! கழகங்கள் கூடும் ஆண்டுப் போட்டியிலே மன்னாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அவர்கள் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: உங்களில் ஒருவர் மலைநாட்டு மைதானத்துக்கு வந்து, எங்கள் கண்முன்னே விளையாடி, தொண்ணூற்றைந்துக்குக் கீழே எடுத்துக் காட்டட்டும். இதென்ன பெரிய காரியம் என்று வான் பிடித்துக்கொண்டு, மீன் பொரியலும் கட்டிக்கொண்டு, சென்ற ஆண்டு மலை ஏறினோம்.

பெற்றிசியா எடுத்தது நூற்று மூன்று!

எண்பத்தாறு என்று மார்தட்டியவர்கள் நூற்று மூன்றோடு நின்றோம். முழத்தில் தவறியது, சாணில் தவறியது, பக்கத்தில் கிடந்த பந்தெல்லாம் குழியைப் பாராமல் பக்கத்துத் தெருவைப் பார்த்தது. அங்கே மேற்பார்வை பார்த்த கனவான் ஒருவர், கோபமாக அல்ல, புன்னகையோடு கேட்டார்: மன்னாரிலே எண்ணிக்கை எண்ணும் முறை வேறோ?

தாய்மாரே, அடித்திருந்தால் தாங்கியிருப்போம். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்போம். பொய்யர்கள் என்று எங்களைப் புன்னகையோடு சொன்னால் என்ன செய்வது? போருக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்கி, எங்களையும் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று காத்திருந்த ஊர் இது. அந்தப் பெயருக்கு அன்று கறை விழுந்தது. என் நெஞ்சு எரிந்தது.

திரும்பி வரும் வழியில் வானுக்குள்ளே, மதவாச்சி தாண்டியதும் பெற்றிசியா கேட்டார்: “அண்ணை, நாங்கள் பொய் சொன்னனாங்களோ?”

“இல்லைப் பிள்ளை. ஆர் பொய் சொன்னது?”

“அப்ப அந்தப் பதினேழு அடியும் எங்க இருந்து வந்தது?”

அவரே சொன்னார்: “அங்க ஒருத்தரும் ‘விடுங்கோ’ எண்டு சொல்லேல்லை அண்ணை.”

கேட்டீர்களா? பதினேழு அடி! அது களவு அல்ல, கள்ளம் அல்ல. பதினேழும் எங்கள் மரியாதை!

மறுநாள் மாலை தரவையிலே பெற்றிசியா ஒரு சட்டம் போட்டார். பேணியில் சத்தம் கேட்கும்வரை ஆட்டம் முடியவில்லை. தலைவர் துடித்துப் போனார். “பிள்ளை, இவ்வளவு கிட்டக் கிடக்கு, நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?” என்றார். பெற்றிசியா சொன்னார்: “நானா, என்னில பாசம் எண்டா பேசாமல் நில்லுங்கோ.”

பேசாமல் நிற்பது! பாஹிம் நானாவுக்கு அதைவிட நோன்பு இலகு!

இளைஞர்களே, இங்கே கொஞ்சம் காதைக் கொடுங்கள். அடி குறைய வேண்டும் என்று ஆசைப்படாதவர் உண்டா? ஆனால் எதைப் பழகுகிறீர்கள்? நீளமாக அடிக்கப் பழகுகிறீர்கள், ஏனென்றால் அதற்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. நான் ஓங்கி அடித்தால் பந்து இலுப்பைக்கடவைக்குப் போகும் என்று ஊரிலே ஒரு பேச்சு. போகும், உண்மைதான். பிறகு அதை இலுப்பைக்கடவையிலிருந்து பேணிக்குக் கொண்டுவருவது யார்? நீளமாக அடித்தாலும் ஓர் அடி, சாணில் தவறவிட்டாலும் ஓர் அடி! பெற்றிசியா தன் நீள மட்டையைப் பையிலே போட்டு வாயைக் கட்டினார். வலை வீசும் தூரத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் நின்றார். பேணியைச் சுற்றிச் சுற்றி, கிட்டத்திலிருந்து தொடங்கி, பந்து விழ விழ ஓர் எட்டு பின்னே போனார்.

நானெல்லாம் பழகும்போது ஒரு வாளிப் பந்தைக் கொட்டிவைத்து ஒரே இடத்தில் நின்று விளாசுவேன். பத்தாவது பந்து நேராகப் போனால் எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போவேன். பெற்றிசியாவிடம் பந்து ஒன்றே ஒன்று. “போட்டியில ரெண்டாம் பந்து தருவாங்களோ அண்ணை?” என்றார். ஓர் அடி அடிப்பார், நடப்பார், பந்து கிடக்கும் இடத்தில் கிடந்தபடியே அடுத்ததை அடிப்பார். கழுதை மிதித்த பள்ளத்தில் கிடந்தால் பள்ளத்திலிருந்து அடிப்பார். சோளகக் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் ஒரு பிடி மணலை விரல் வழியே விட்டு, அது சாயும் பக்கம் பார்ப்பார். குழியை இரண்டு தரம் பார்ப்பார், ஒரு மூச்சு விடுவார், அடிப்பார். தனியாக நின்றாலும் அப்படித்தான், ஊரே நின்றாலும் அப்படித்தான். வீட்டுக்குப் போகும் வழியிலே, இன்று எந்த அடியை எங்கே வீணாக்கினேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதிப்பார். வழியில் கண்டவர்கள் செபம் சொல்லுகிறார் என்று வழிவிட்டார்கள்.

பழக்கத்தின் முடிவிலே இன்னொன்று. பொழுது சாயும் நேரம் ஒரே ஒரு பந்து, ஒரு முழத் தூரம். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கத்துவோம், கனைப்போம், கைதட்டுவோம். தவறினால் அத்தனை பேருக்கும் அவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். முதல் மாதம் நாங்கள் தேத்தண்ணியில் நீந்தினோம்! பிறகு மெல்ல மெல்லத் தொண்டை காயத் தொடங்கியது. கடைசியில், தேத்தண்ணி வேண்டுமென்றால் கடைக்குப் போங்கோ என்றார்.

இந்த ஆண்டு மறுபடி மலை ஏறினோம். பை சுமந்தவன் நான். முன்னாள் சாம்பியனுக்கு அதைவிடப் பெரிய பதவி உண்டா? சென்ற ஆண்டு புன்னகைத்த அதே கனவானும் வந்திருந்தார். பதினேழு குழி முடிய எண்பத்தெட்டு. கடைசிக் குழியை ஆறு அடிக்குள் முடித்தால் தொண்ணூற்று நான்கு, மன்னார் உள்ளே. ஏழானால் வெளியே.

முதல் அடி, நேர். இரண்டாம் அடி, மரத்தின் கீழே சருகுக்குள்ளே விழுந்தது. அன்பர்களே, எங்கள் தரவையிலே எல்லாம் பழகினோம், சருகு மட்டும் பழகவில்லை. எங்கள் மணலில் சருகுக்கு மரம் எங்கே? பெற்றிசியா குனிந்து ஒரு சருகை விலக்கினார். பந்து ஒரு விரற்கடை உருண்டது. கை பட்டுப் பந்து அசைந்தால் ஓர் அடி தண்டம், அதுதான் சட்டம். கூட வந்தவர்கள் தூரத்தில் நின்றார்கள். கனவான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டவர்கள் இருவர்: அவர், நான்.

பெற்றிசியா நிமிர்ந்தார். கையை உயர்த்தினார். எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “பந்து அசைஞ்சிட்டுது. எனக்கு ஓர் அடி கூட்டுங்கோ.”

ஊரின் பெயரே அந்த ஓர் அடியில் தொங்கும்போது, தன் வாயாலே தனக்கு ஓர் அடி கூட்டினாரே, அவரா பொய்யர்? அவர் ஊரா பொய்யர் ஊர்? சொல்லுங்கள்!

ஆம், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

பந்தைப் பழைய இடத்தில் வைத்தார். அது மூன்று. நான்காவது அடியில், குழியைச் சுற்றி மழித்த புல்தளத்தில் ஏறினார். ஐந்தாவது உருண்டு உருண்டு வந்து, குழிக்கு ஒரு செருப்பு நீளத்தில் நின்றுவிட்டது. கணக்கில் மிச்சம் ஒரே ஓர் அடி. சென்ற ஆண்டு தவறிய அதே தூரம். என் நாக்கின் நுனியிலே ‘விடுங்கோ’ வந்துவிட்டது! தோளில் கிடந்த துவாயைக் கடித்துக்கொண்டேன். பெற்றிசியா மணலைத் தேடினார், புல்தான் இருந்தது. நாலு புல்லைக் கிள்ளி விட்டார். குழியை இரண்டு தரம் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார்.

டொக்!

பால்மாப் பேணி இல்லை, பணக்காரக் குழிதான். ஆனாலும் எனக்குக் கேட்டது எங்கள் பேணிச் சத்தம்! அந்தக் கனவான் நேரே நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார். பெற்றிசியாவின் கையைப் பிடித்து, உங்கள் ஊர் எண்ணுவது போல எல்லா ஊரும் எண்ண வேண்டும் என்றார். நான் அழுதேன். ஓம், அழுதேன், அதை இந்த மேடையிலே சொல்ல எனக்கென்ன வெட்கம்? அடுத்த வைகாசியில் மன்னார் என்ற பெயரோடு எங்கள் நால்வர் களம் இறங்குகிறார்கள்!

பேச்சை முடிக்கச் சொல்லும் மணியில் தலைவர் கை வைக்கிறார். நானா, இன்னும் ஒரு முழம்தான் மிச்சம், பொறுங்கோ.

இன்று மாலை, இந்தக் கூட்டத்துக்கு முன், தரவையிலே ஒரு காட்சி. தலைவரின் பந்து பேணிக்கு ஒரு சாணில் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். பெற்றிசியாவைப் பார்த்தார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடித்தார். தவறியது! நாங்கள் அப்போதும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் அடித்து, பேணியில் சத்தம் கேட்டபின், பாஹிம் நானா நிமிர்ந்து நின்று தானாகவே சொன்னார்: “ஏழெண்டு சொல்லுங்கோ. ஆறு இல்லை, ஏழு.”

பெருமக்களே! தடுமாறுகிறவரைக் கண்டு இரங்குவது மரியாதைதான். அதை நாங்கள் விடப்போவதில்லை, எங்கள் வீட்டுச் சோற்றுக்கு வாருங்கள், அங்கே காட்டுகிறோம். ஆனால், உன்னால் முடியும், நீயே முடி என்று பக்கத்தில் பேசாமல் நிற்பது இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய மரியாதை! அந்த மரியாதையை எங்களிடம் கேட்டு வாங்கியவர் பெற்றிசியா. அதைக் கொடுக்கக் கற்ற ஊர் மன்னார்!

நெடுநேரம் பேசிவிட்டேன். “போதும், விடுங்கோ” என்று உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. என் கடைசிச் சொல்லும் விழும்வரை பேசாமல் இருந்து, என்னையே முடிக்க விட்டீர்கள். எங்கள் தரவையிலே ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச மரியாதை அதுதான். அதற்காக உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்!