வெள்ளைக் கோழி ரெண்டும் வேணாம்

ஹலோ... ஹலோ, கோழிப்பண்ணை அண்ணனா?... நான்தாண்ணே, டெய்லரம்மா. உங்ககிட்ட வெள்ளைக் கோழி ரெண்டு வாங்கிட்டு வந்தேனே... ஆமா, ஆமா, ஸ்கூட்டர் பின்னாடி அட்டைப்பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனவதான்... எங்கண்ணே நல்லா இருக்கறது? ரெண்டையும் திருப்பி எடுத்துக்கோங்க. எனக்கு வேணாம்.

...சீக்கா? ஒரு சீக்கும் இல்ல. கொண்டை செக்கச்செவேல்னு இருக்கு. தீவனம் போட்டா கிண்ணத்தையும் சேர்த்து விழுங்கிடும் போல இருக்கு. முட்டைதான் இல்ல... ஒண்ணு கூட இல்லண்ணே! வந்த புதுசுல ஏதோ பேருக்குப் போட்டுச்சு, அதோட சரி... அது எப்படிண்ணே? இருக்கறதுலயே நிறைய முட்டை போடுறது எதுன்னு நான் கேட்டேன். இந்த வெள்ளை லெகார்ன்தான், கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் மூடிக்கிட்டு வாங்கிட்டேன்.

...இடம் மாறினா கொஞ்ச நாள் ஆகும்னு அன்னிக்கே சொன்னீங்க, சரி. இன்னும் எவ்ளோ நாள்ணே? பக்கத்து வீட்ல அவ கூடை கூடையா எடுக்கறா. நான் இங்க கூட்டுக்குள்ள தலையை விட்டுப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு.

...அவன்னா, என் கொழுந்தன் பொண்டாட்டி. நர்சு. உங்ககிட்டதான் அவளும் வாங்கினா, நாலு சிவப்புக் கோழி. ஞாபகம் இருக்குல்ல?... இருக்கும், இருக்கும். அவளை மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சரி, அதை விடுங்க. வேற கோழி சொல்லுங்க... சிவப்பு வேணாம்... நல்ல கோழின்னு எனக்கும் தெரியும்ணே, அதான் அவகிட்ட இருக்கே! நானும் அதையே வாங்கினா அவளைப் பார்த்து வாங்கினேன்னு ஆயிடாது?... அவளைப் பார்த்துதான் வாங்கறேன். அது வேற விஷயம்.

நீல முட்டை போடுற கோழி ஒண்ணு இருக்காமே?... இருக்கா! அதுல ரெண்டு எடுத்து வைங்க... குறைச்சலாத்தான் போடுமா?... ம்... பரவால்ல. நீலமா போடுதுல்ல? எங்க மாமியார் ஒரு தடவை பார்த்தா போதும்... உள்ள அதே மஞ்சள் கருதான்னு எனக்குத் தெரியாதாண்ணே? வெளிய தெரியறது நீலம்தானே.

அப்புறம், பஞ்சு மாதிரி புசுபுசுன்னு ஒண்ணு இருக்குமே... ஆமா, ஆமா, கால் வரைக்கும் முடி... என்னது, முட்டை போடுறதை விட்டுட்டு அடைக்கு உட்கார்ந்துடுமா? சரியான சோம்பேறி. அது எதுக்கு நமக்கு... குழந்தைங்க தூக்கினா பேசாம இருக்குமா?... மடியிலயே தூங்குமா?... அப்ப அதுல ஒண்ணு கண்டிப்பா வேணும்ணே. முட்டை போடாட்டியும் பரவால்ல.

...எதுக்கா? என் பொண்ணுக்கு... இல்லண்ணே, அவ எதுவும் கேக்கல. கேட்டா நல்லா இருக்குமே! ஸ்கூல் விட்டா அவ வீட்டுக்கே வர்றதில்ல. பையை வாசப்படியில கடாசிட்டு நேரா அங்க ஓடறா. சித்தி கோழிக்குத் தண்ணி வெக்கணும், சித்தி கோழி முட்டையை எடுக்கணும். நாலுல ஒண்ணுக்குப் பேரு வேற வெச்சிருக்கா, டீச்சர்னு. யார் சொன்னாலும் கேக்காம நடுவுல போய் நிக்குமாம். சாப்பாடு அங்க, வீட்டுப்பாடம் அங்க, சிரிப்பெல்லாம் அங்க. தூக்கம் வந்தா மட்டும் இங்க. நான் பகல் பூரா மிஷின்ல உட்கார்ந்து யார் யார் பொண்ணுக்கோ கவுன் தெக்கறேன். என் பொண்ணைப் பக்கத்துல நிக்க வெச்சு அளவெடுத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?... வயிறு எரியுதுண்ணே. பொறாமைதான், ஒத்துக்கறேன். கோழிக்காக இல்ல.

அதோட விட்டாளா? இப்பக் கொஞ்ச நாளா அவ கோழி வெள்ளை முட்டையும் போடுது!... ஆமா, வெள்ளை! கூடையில சிவப்பும் வெள்ளையும் கலந்து கெடக்கு. சின்னவ கை ராசின்னு மாமியார் அவளைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாங்க. இன்னொண்ணு கேளுங்க. தினமும் ஒரு கிண்ணத்துல வெள்ளை முட்டையா எடுத்து வெச்சு, என் பொண்ணு கையிலயே குடுத்தனுப்பறா. மறந்தும் ஒரு சிவப்பு இருக்காது. வெள்ளையாவே! குசும்பைப் பாருங்க... அன்பா? என்ன அன்பு? உன் வெள்ளைக் கோழி போடாததை என் சிவப்புக் கோழி போடுது பாருன்னு காமிக்கறா... நானா? தொடுவேனா? கிண்ணத்தோட திருப்பி அனுப்பிடுவேன். எனக்கும் ரோஷம் இருக்குல்ல?

அதனால நேராவே கேக்கறேன். எனக்குத் தெரியாம அவளுக்கு வெள்ளைக் கோழி வித்தீங்களா?... சத்தியமா?... வேற எங்கயும் அவ வாங்கலண்ணே, கூட்டுல அதே நாலு சிவப்புதான். என் பொண்ணே சொன்னா... என்னது, சிவப்புக் கோழி எந்த ஜென்மத்துலயும் வெள்ளை முட்டை போடாதா?... அப்ப எப்படி... என்னண்ணே சிரிக்கறீங்க?

...சுவரா? ம், ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். என் நெஞ்சு உயரம் வரும்... ஆமா, பகல்ல திறந்துதான் விடறேன்... எப்பவும் கண்ணுல படுமான்னா... இல்ல. சில நேரம் காணாம போயிடும். துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி எங்கயாவது கெடக்கும்னு விட்டுடுவேன். தீவனக் கிண்ணத்தைத் தட்டினா டாண்ணு வந்து நிக்கும்...

...பறக்குமா? அவ்ளோ உயரமா?... உடம்பு லேசு... சரி... மத்த கோழி போடுற இடத்தைப் பார்த்துட்டா, அங்கயே போய்ப் போடுமா?

அப்ப அந்தக் கிண்ணத்துல வந்ததெல்லாம்... என்னோடதா?... அய்யய்யோ. என் கோழி போட்ட முட்டையைத்தான் இத்தனை நாளா ரோஷமா திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தேனா?... சிரிக்காதீங்கண்ணே! எனக்கு அழுகையா வருது!

துரோகிங்க. திங்கறது இங்க, போடுறது அங்க. இந்த வீட்ல இருக்கறது எல்லாமே அங்கதான் போகுது... பறக்காத கோழி எதுண்ணே? அதைச் சொல்லுங்க... கறுப்பா, வெயில்ல பச்சையா மினுங்குமா? கனமான உடம்பா?... சாதுவா, சொன்ன இடத்துல நிக்குமா? அதுல நாலு குடுங்க. இல்ல, அஞ்சு. அவகிட்ட நாலுதான் இருக்கு... சின்னக் கூடுதான்... சரி, மூணு... அதுவரைக்கும் இதுங்களை என்ன பண்றது?... ஒரு பக்கத்து இறக்கையோட நுனியை மட்டும் வெட்டினா போதுமா? வலிக்காதா?... நகம் வெட்டற மாதிரியா. கத்திரிக்கு என்ன பஞ்சம், டெய்லர்கிட்ட போய்க் கேக்கறீங்க? இதோ கையிலயே எடுத்துட்டேன்...

இருங்கண்ணே, ஒரு நிமிஷம். என் பொண்ணு வர்றா. கிண்ணத்தோட வர்றா.

வாடி. இங்க வா... பயப்படாதே, கத்திரி உனக்கு இல்ல. கிண்ணத்தைக் காட்டு... இன்னிக்கு ஒண்ணுதானா?... இன்னொரு கோழி இன்னும் அங்க உட்கார்ந்துக்கிட்டு இருக்கா? சரி. இதைக் குடுக்கறப்ப சித்தி என்ன சொன்னா?... அம்மா கோழி போட்டது, அம்மாகிட்ட குடுத்துடுன்னா?... இன்னிக்குச் சொன்னாளா?... முதல் நாளேவா! அப்ப நீ ஏன்டி என்கிட்ட சொல்லல?... என்ன முணுமுணுக்கற, சத்தமா சொல்லு... நான் எங்க சொல்ல விட்டேனா?... நீ சித்தின்னு ஆரம்பிச்சாலே நான்... நான் மிஷினை மிதிக்க ஆரம்பிச்சிடுவேனா?... ரொம்ப சத்தமா மிதிப்பேனா?

...மேசையில வெச்சிடு. சாக்பீஸ் டப்பா பக்கத்துல. உருண்டுடாம வெச்சிடு.

...ஹலோ. இருக்கீங்களாண்ணே?... எல்லாம் கேட்டுச்சா?... கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அங்க இருக்கற எது இங்க இல்ல? நான் முட்டைப்பெட்டியில சாட்டின் துணி விரிச்சிருக்கேண்ணே! கல்யாணக் கவுன் தெச்ச மிச்சம், ரோஸ் கலரு... வழுக்குமா?... அவளா, வெறும் வைக்கோல்தான் போட்டிருக்கா... பகல்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அவ ட்யூட்டிக்குப் போயிடுவா, கூடு ஒரு மூலையில இருட்டாக் கெடக்கும்... நானா? நான் எங்க போறேன், வீட்லயேதான் இருக்கேன். ஒரு கை தெச்சு முடிச்சா ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். காலர் வெச்சா ஒரு தடவை. மூடியைத் திறந்து, கோழியைத் தூக்கி, அடியில கையை விட்டு, போட்டியா, ஏன் போடல, எங்க போயிருந்தேன்னு கேட்டு... ஆசைதாண்ணே! வேற என்ன?... பார்த்துக்கிட்டே இருந்தா போடாதா?

...ம்... தூக்கக் கூடாது... ம்... மூடியைத் திறக்கக் கூடாது. வைக்கோலைப் போட்டு, இருட்டான இடத்துல பெட்டியை வெச்சுட்டு, விட்டுடணும்... தானா வருமா?... வரலன்னா?... ம்... சரிண்ணே.

...இறக்கையா? வேணாம். கத்திரியைக் கீழ வெச்சுட்டேன். நீலமும் வேணாம், புசுபுசுவும் வேணாம். கறுப்பு மட்டும்... அதுவும் அப்புறம் பார்க்கலாம். இந்த ரெண்டும் இருக்கட்டும்.

என்னடி இன்னும் நிக்கற?... மறுபடியும் போகணுமா?... போ... கோவம் இல்லடி, போன்னுதானே சொன்னேன். எப்ப வரு... இல்ல, கேக்கல. வர்றப்ப வா... அங்க என்ன சாப்... கேக்கல, கேக்கல! சித்திகிட்ட ஒண்ணு சொல்லு. முட்டை வந்துச்சு, அம்மா வாங்கி வெச்சுக்கிட்டான்னு சொல்லு. அவ்ளோதான். ஓடு.

...ஆங், சொல்லுங்கண்ணே... இருங்க, இருங்க, பேசாதீங்க. கேக்குதா?... கொக்கரிக்குதே, சுவருக்கு அந்தப் பக்கம்!... இல்லண்ணே, சிவப்பு இல்ல. அது என்னோடது. அதோட குரல் எனக்குத் தெரியாதா?... மாட்டேண்ணே, போய்ப் பார்க்க மாட்டேன். சத்தியமா மாட்டேன்... சும்மா, சுவர் வரைக்கும்... வெச்சுடறேண்ணே.