நாலு மணிக் கூட்டம்

"பட்டாளத்தில இரிந்த ஆளுக்கு வோட்டுப் போட்டது நாம செஞ்ச பிழை, காக்கா."

எண்பதுகளில் ஒரு நாள், கல்முனையிலிருந்து வரிப்பத்தான்சேனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். மூத்தவரைக் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னவர் இளையவர்.

"ஏன், களவெடுத்தாரா?"

"அதெண்டாப் பரவாயில்ல. நாலு மணிக்குக் கூட்டம் எண்டா நாலு மணிக்கே வந்து நிக்கிறாரு."

"முந்தி எலக்சன் கேட்டு அதாலதானே தோத்தவரு. ஆக்கள் பின்னேரம் அசர் தொழுதிட்டு வாறத்துக்குள்ள மேஜர் கதைச்சி முடிச்சிட்டாரு."

"எம்பியா வந்தா மாறுவாரு எண்டு நினைச்சம். இண்டைக்குக் கூட்டத்தில எப்பிடியும் வாய்க்கால் கதையச் சொல்லணும். தண்ணியில்லாம வயல் வெடிச்சிப் போய்க் கிடக்கு."

பஸ் நாலரை மணிக்கு ஊருக்குள் நுழையும்போது எதிரே எம்பியின் ஜீப் திரும்பிப் போனது. சந்தியில் மைக் கட்டுகிறவர் மரத்திலிருந்து ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். மூத்தவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"கூட்டம் முடிஞ்சிட்டா? வாய்க்காலப் பத்தி ஆரும் கேட்டாங்களா?"

"கேக்கிறத்துக்கு ஆரு இரிந்த? நான் மட்டும்தான். ஊருக்கு என்ன வேணும் எண்டாரு. கரண்ட் வேணும் சேர், இந்த மைக் பெட்டரியத் தூக்கித் திரிய ஏலாம இரிக்கு எண்டன். சரி எண்டு சலூட் அடிச்சிட்டுப் போறாரு."