மூடி திறக்கிற வாட்ச்

— படி இருக்கு, பாத்து வான்னு சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள இடிச்சுக்கிட்டியே! கண்ணை எங்கடா வெச்சுட்டு வர?

— விடுக்கா. ராத்திரி பூரா ப்ளைட்டுல பொட்டுத் தூக்கம் இல்ல.

— ரத்தம் வருதா பாரு.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஏர்போர்ட்டுலேர்ந்து நேரா வீட்டுக்குப் போகாம கடைக்கு இழுத்துட்டு வந்தா இப்படித்தான். பாவம், அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு.

— இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு எழுபது. வெறுங்கையை வீசிக்கிட்டுப் போய் நிப்பியா? பழைய வாட்ச்னா அப்பாவுக்கு உயிருன்னு நீதானே சொன்ன?

— சொன்னேன். ஆனா முதல்ல அப்பா மூஞ்சிய ஒரு தடவை கிட்டக்க பாத்துடணும் போல இருக்குக்கா. அதுக்குன்னேதான் லீவு போட்டு வந்தேன்.

— அடேயப்பா, பாசம் பொங்கி வழியுது! இத்தனை வருஷமா இது எங்க போச்சு?

— வாங்கம்மா, வாங்க தம்பி, உக்காருங்க. சொல்றேன் கேளுங்க, நம்ம கடையில இருக்குற ஒவ்வொண்ணும் நம்மளைவிட வயசுல மூத்தது. ஆனா ஒண்ணாவது நின்னு போச்சா? போகாது. போன்ல பேசினது நீங்கதானேம்மா? நீங்க கேட்டதைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்.

— இருங்க ஐயா, இருங்க. மத்ததையெல்லாம் முதல்ல காட்டுங்க. தம்பி பாக்கட்டும்.

— தாராளமா. இந்தாங்க தம்பி, இதைப் பாருங்க. நீல முகம், வெள்ளி ஓரம். காலையில சாவி குடுத்தா மறுநாள் காலை வரைக்கும் ஓடும். போட்டவர் கையை விட்டுக் கழட்ட மாட்டார், சொல்றேன் கேளுங்க.

— கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் கொண்டு வரீங்களா? ம்ம்... ஜோரா இருக்கு. அக்கா, இதுதான். முடிச்சுடலாம்.

— அவசரத்துல பொறந்தவன்டா நீ. ஆமா, அப்பா குடுத்த வாட்ச் எங்க? கையில காணோம்?

— பெட்டியில இருக்கு. அதுல முள்ளு ரெண்டும் தலைமுடி மாதிரிக்கா. மணி பாக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது.

— நல்ல சாக்கு! போன்ல மணி பாத்துப் பழகிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். நீ வெளிநாடு கிளம்பின அன்னிக்குத் தன் கையிலேர்ந்து கழட்டி உன் கையில கட்டினாரு. அதுக்கப்புறம் அவர் கையில வாட்சே ஏறல.

— அதுக்குத்தானே இப்ப வாங்கித் தரேங்கறேன்? சும்மா குத்திக்கிட்டே இருக்காத.

— சரி. ஐயா, நான் சொன்னதை எடுங்க.

— இதோ. இது லேசுல கிடைக்காதும்மா. பாருங்க தம்பி, இங்க அமுக்கினா கண்ணாடி மூடி மாதிரித் திறந்துக்கும். முள்ளெல்லாம் நல்ல கெட்டி. தொட்டாலும் நகராது.

— என்னக்கா இது, தகர டப்பா மாதிரி இருக்கு? நம்பரே இல்லையா? என்னமோ புள்ளி புள்ளியா இருக்கு.

— எனக்கு இதுதான் வேணும்.

— உனக்கா, அப்பாவுக்கா?

— அப்பாவுக்குத்தான்டா.

— அக்கா, அவர் தையல்காரர். நூல் நிறம் ஒரு பொட்டு மாறினாக்கூட மொத்தத்தையும் பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கிறவர். காலர்ல ஒரு சுருக்கம் இருந்தா அன்னிக்கு முழுக்க சாப்பிடாத மனுஷன். அவரைப் போய் இதைக் கட்டிக்கச் சொல்லுவியா?

— சொல்லுவேன். கட்டிக்குவாரு.

— உனக்கு எப்பவுமே நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான்.

— ஆமா, துரைக்கு எல்லாம் தெரியும். தினமும் அவர்கூட இருக்குறவ எனக்கு ஒண்ணும் தெரியாது.

— டீ ஆறுது தம்பி, எடுத்துக்குங்க.

— எந்த டீ? ஐயையோ!

— உங்க கைப்பக்கம்தானே தம்பி வெச்சேன்? பரவால்ல, பரவால்ல. துணி இருக்கு, துடைச்சுக்கலாம்.

— இன்னிக்கு உனக்கு என்னதான்டா ஆச்சு? கடையையே கவுத்துடுவ போலிருக்கு!

— மன்னிச்சுக்குங்க ஐயா, கவனிக்கல. அக்கா, நமக்குள்ள எதுக்கு சண்டை? அவர்கிட்டயே கேட்டுடலாம். வீடியோ போடுறேன்.

— வேணாம்டா! முன்னாடியே தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன இருக்கு? டேய், போனைக் குடு, குடுன்னா!

— கையை எடுக்கா. ரிங் போகுது... அப்பா!

— ராசா! இறங்கிட்டியா? எங்கடா இருக்கீங்க? எவ்வளவு நேரமா வாசல்ல நிக்கிறேன் தெரியுமா?

— வந்துக்கிட்டே இருக்கோம்ப்பா. வழியில ஒரு வாட்ச் கடை. உங்களுக்கு ஒண்ணு எடுக்கறோம்.

— எனக்கு எதுக்குடா அதெல்லாம்? நீ வந்தா போதாதா? அக்கா பக்கத்துல இருக்காளா?

— இருக்கா. பேசாம உம்முன்னு நிக்கிறா. இங்க பாருங்கப்பா, கையில பிடிச்சுக் காட்டுறேன். இந்த நீலம் எப்படி இருக்கு?

— அம்சமா இருக்குடா ராசா.

— சும்மா எனக்காகச் சொல்லாதீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— பாத்துட்டேன்டா. நீலம் நல்லா எடுப்பா இருக்கு. ஓரமெல்லாம் பளபளன்னு இருக்கு. நீதான் ரொம்ப இளைச்சுட்ட. சீக்கிரம் வாங்க, வெச்சுடறேன்.

— கேட்டியாக்கா? நீலம்தான்னுட்டாரு! இப்ப என்ன சொல்ற?

— தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கேமரா உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாட்சை நீங்க போனுக்குப் பின்னால பிடிச்சிருந்தீங்க. அவருக்கு வாட்ச் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல.

— அப்படியா? நான் பாக்கலயே... அப்போ ஓரம் பளபளன்னு இருக்குன்னு எப்படிச் சொன்னாரு? அக்கா, ஏய், என்னக்கா? எதுக்கு அழற?

— எந்தப் பக்கம் காட்டினாலும் ஒண்ணுதான்டா. அப்பாவுக்குக் கண்ணு தெரியல.

— என்ன உளர்ற?

— சுத்தமா தெரியல. அதுக்குத்தான் இந்த வாட்ச். மூடியைத் திறந்து முள்ளை விரலால தொட்டு மணி பாத்துக்கலாம். கண்ணு தெரியாதவங்களுக்குன்னே செஞ்சது. வீட்டுக்குப் போறதுக்குள்ள உன்கிட்ட சொல்லிடணும்னுதான்டா உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். வந்து உக்காந்தா வாய் வரமாட்டேங்குது.

— போன வாரம்கூட வீடியோல பேசினேனே! கோடு போட்ட சட்டை உனக்கு நல்லாருக்குன்னாரே!

— மைக்கை மூடிட்டு நான்தான் காதுல சொல்லுவேன். கோடு போட்ட சட்டை போட்டிருக்கான், தாடி எடுத்திருக்கான், பின்னாடி ஜன்னல் தெரியுதுன்னு. அவர் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டு உன்கிட்ட பேசுவாரு.

— ஒவ்வொரு தடவையும் இளைச்சுட்ட, இளைச்சுட்டன்னு சொல்வாரே?

— அது மட்டும் அவரா சொல்றது. எந்த அப்பனுக்குடா பிள்ளை இளைக்காம இருந்திருக்கான்?

— முட்டி வலின்னுதானே தையல் கடையை மூடினாரு?

— முட்டிக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கு. முதல்ல பக்கவாட்டுல வர்றது தெரியல. நிலைப்படியில இடிச்சுக்குவாரு, டம்ளரைத் தட்டிவிடுவாரு. கவனமா இருந்தா என்னன்னு நானும் எரிஞ்சு விழுவேன். ஊசியில நூல் கோக்க முடியலன்னு டாக்டர்கிட்ட போனா, எல்லாம் கை மீறிப் போச்சுன்னுட்டாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி ஏறி நரம்பு செத்துப் போச்சாம். வலிக்கவே வலிக்காதாம்டா. சத்தமில்லாம வந்து தின்னுட்டுப் போயிடுமாம்.

— ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க! நான் என்ன வேத்து ஆளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— கத்தாதடா. தன் தலையில என் கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடுவான், அவன் பொழப்பு என்னால கெட வேணாம், அவனைப் பொறுத்தவரைக்கும் நான் நல்லா இருக்கேன்னே இருக்கட்டும்னாரு. நான் என்ன பண்ணட்டும்? அவரோட மல்லுக்கட்டுவேனா, உன்கிட்ட நடிப்பேனா? தினமும் செத்துப் பொழைச்சேன்டா. நீயாவது கண்டுபிடிச்சுடுவன்னு பாத்தேன். ஸ்கிரீனைப் பாக்காம மேல எங்கேயோ பாத்துக்கிட்டுப் பேசுவாரே, உனக்கு ஒரு தடவைகூடத் தோணலயா?

— இல்லக்கா. எனக்குத் தெரியல.

— தண்ணி குடிங்கம்மா. தம்பி, உங்களுக்கும் இந்தாங்க, கையிலயே பிடிச்சுக்குங்க. நான் வேணா கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டுமா?

— இருங்க ஐயா, உங்ககிட்ட என்ன மறைக்கிறது? இவன் இருக்குற நாளெல்லாம் நடிச்சே ஒப்பேத்திடலாம்னு இருக்காரு. ஒரு வாரமா ஒத்திகை! என்னை வாசல்ல இவன் மாதிரி நிக்க வெச்சு, நாற்காலியிலேர்ந்து எழுந்து வருவாரு, சரியாத் தோளைப் பிடிப்பாரு, என்னடா இப்படி இளைச்சுட்டன்னுவாரு. ஒரு தடவை கை தோள்ல படாம கழுத்துல பட்டுடுச்சு. அவனாயிருந்தா கண்டுபிடிச்சிருப்பானேன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு ஐயா.

— இப்ப வாசல்ல நிக்கிறேன்னு சொன்னாரே... அதுக்குத்தானா?

— அதுக்குத்தான். உனக்கு ஒரு சட்டை தெச்சு வெச்சிருக்காரு. தடவித் தடவியே தெச்சது. பை கோணலா இருக்கும். எதுவும் சொல்லிடாதடா.

— சொல்லல.

— எனக்கு இந்த வாட்ச் எதுக்குத் தெரியுமா? மணி என்னம்மா, மணி என்னம்மான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நான் சமையல்ல இருப்பேன், வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் வெடுக்குன்னு, மணி தெரிஞ்சு என்னப்பா பண்ணப் போறீங்கன்னு கேட்டுட்டேன். அன்னிக்கிலேர்ந்து கேக்கறதை விட்டுட்டாரு. விடிஞ்சுதா இருட்டிச்சான்னு தெரியாம சும்மா உக்காந்திருக்காருடா. எழுபது வயசுல அந்த ஒண்ணையாவது யாரையும் கெஞ்சாம தெரிஞ்சுக்கட்டும்.

— இதையே எடுத்துக்கலாம்க்கா. ஐயா, அதை இப்படிக் குடுங்க. எங்க அமுக்கணும்? இதுவா?

— அதேதான். மேல மூணு புள்ளி சேர்ந்தாப்புல தட்டுப்படும் பாருங்க, அது பன்னெண்டு. அங்கேர்ந்து அப்படியே சுத்தி வந்தா போதும்.

— கண்ணை ஏண்டா மூடிக்கிற?

— இப்படித்தானேக்கா அவர் பாப்பாரு? சின்ன முள்ளு... இங்க. பெரிய முள்ளு இங்க. பதினொண்ணே காலா?

— அட, சரியாச் சொல்லிட்டீங்களே தம்பி!

— பழக எவ்வளவு நாளாகும் ஐயா?

— வாங்கிட்டுப் போனவங்க சொன்னதைச் சொல்றேன் கேளுங்க, ஒரு வாரம் தடுமாறும். அப்புறம் விரலுக்கே கண்ணு வந்துடுமாம்.

— தம்பி, இன்னொண்ணும் சொல்லணும்டா. கோவப்படாம கேக்கணும்.

— சொல்லுக்கா. இனிமே கோவப்பட என்ன இருக்கு?

— டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க, இது பரம்பரையா வர்றது, பிள்ளைங்க ரெண்டு பேரும் உடனே கண்ணைக் காட்டிக்கணும்னு. நான் காட்டிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல. உன்கிட்ட சொன்னா ஏன் எதுக்குன்னு குடைவ, விஷயம் வெளியில வந்துடும். ஒரு தடவை போன்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சுட்டாரு. அவனுக்கென்ன, சின்ன வயசு, வரும்போது பாத்துக்கலாம்னுட்டாரு.

— அப்பவே காட்டியிருந்தா என்ன ஆகியிருக்குமாம்?

— காட்டியிருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்திடலாமாம். போன பார்வை வராது, இருக்குறதைக் காப்பாத்திக்கலாமாம். அதான் இப்ப வந்துட்டியே. பிறந்தநாள் முடிஞ்ச மறுநாளே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். உனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காதுடா, சும்மா ஒரு நிம்மதிக்கு.

— அப்பவேன்னா எப்பக்கா? கடை மூடினாரே, அப்பவா?

— ஆமா. ஏண்டா?

— சும்மா கேட்டேன்.

— மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போச்சு? திட்டணும்னா திட்டிடு.

— ஐயா, இதைப் பெட்டியில போட்டுடுங்க.

— நல்லதுங்க தம்பி. மேல கலர் காகிதம் சுத்தட்டுமா?

— சுத்துங்க. காகிதம் மொறமொறன்னு இருக்கட்டும், பிரிக்கிறப்ப அவருக்கு சத்தம் கேக்கணும். அப்புறம்... இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?

— அபூர்வம்தான். தேடினா கிடைக்காம போகாது. யாருக்குத் தம்பி?

— எனக்குத்தான். அவசரமில்ல, அடுத்த வருஷத்துக்குள்ள கிடைச்சா போதும்.

— டேய்... என்னடா சொல்ற? விளையாடாத. டேய், என்னைப் பாரு!

— சொட்டு மருந்துக்கெல்லாம் நேரம் தாண்டிடுச்சுன்னுட்டு, போன மாசம் அங்க டாக்டர் கேட்டாருக்கா, உங்க வீட்டுல யாருக்காவது கண்ணுல இது உண்டான்னு. எங்கப்பா இந்த வயசுலயும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோக்கிறவருன்னு பெருமையாச் சொன்னேன். அழாதக்கா, கண்ணைத் தொடைச்சுக்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத.