நானூற்றுப் பதினேழாம் எண் தொப்பி

விழாத் தலைவர் மார்லிஸ் அம்மையார் அவர்களே! இரும்புச் சுரங்கத்தின் செந்தூசியைத் தோளில் சுமந்து, அதே தோளில் இந்த ஊரையும் சுமந்த பெரியோர்களே! வெளியூரிலிருந்து வந்த நெட்டைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் தவறாமல் வால்நட் ரொட்டி சுட்டுவந்து ஊட்டிய தாய்மார்களே! கடைசி வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் என் மைத்துனரே! வைனோ லாத்தியின் வணக்கம்.

ஒரே ஒரு குளிர்காலம். எண்பத்தேழாம் ஆண்டின் அந்த ஒரே ஒரு குளிர்காலம்தான் நம் ஹெம்லக் ரிட்ஜுக்குக் கூடைப்பந்து அணி என்று ஒன்று இருந்தது. எப்பேர்ப்பட்ட ஊருக்கு? நடை பழகும் முன்பே பனிச்சறுக்குப் பழகும் ஊருக்கு! ஐஸ் ஹாக்கி தவிர மற்றதெல்லாம் மழைக்கால விளையாட்டு என்று நினைத்த ஊருக்கு! ஹாக்கிப் பனியின் மேலேயே பலகையைப் பரப்பினோம். பந்து குதித்தது, பார்த்த நம் பாதம் குளிரில் விறைத்தது. சட்டையில் ஒட்டிய தூசியையே பெயராக்கி, 'ரெட் டஸ்டர்ஸ்' என்றோம்.

முதல் ஆட்டம். லூசியானாவிலிருந்து வந்த கார்னெல் பட்டீஸ், இதோ மேடையில் வெட்கப்பட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, இவர்தான், நான்கு நிமிடத்தில் மூன்று முறை கூடையில் போட்டார். ஹாக்கியில் ஒருவர் மூன்று கோல் போட்டால் நாம் என்ன செய்வோம்? தொப்பியைக் கழற்றிக் களத்தில் எறிவோம். அதைத்தான் செய்தோம். ஒரு தொப்பி பறந்தது. பின்னாலேயே எண்ணூறு தொப்பி பறந்தது!

அரண்டுபோன கார்னெல், பயிற்சியாளர் ஸ்டானிடம் ஓடினார்.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்? ஏன் எல்லாரும் என் மேல எறியறாங்க?"

"தப்பா? ஊரே உன்னைத் தத்தெடுத்துக்கிச்சுடா. பேசாம வாங்கிக்கோ."

சிரிக்கிறீர்கள். நடுவர் சிரிக்கவில்லை. களத்தில் பொருள் எறிந்த குற்றத்துக்கு எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் எறிய ஒரு வாய்ப்பு, கொடுத்தார். அது கூடையில் விழுந்தது. அன்று நாம் தோற்றது எத்தனை புள்ளியில்? ஒன்றே ஒன்றில்.

பிறகு கற்றுக்கொண்டோம். கடைசி ஆட்டத்தை நினைவிருக்கிறதா? பட்டியலில் கடைசியாக வரும் அணி கலைக்கப்படும் என்று கூடைப்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது. கார்னெல் மூன்றாவது பந்தைப் போட்டதும் அரங்கம் முழுவதும் இரண்டு கைகளாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோமே! அழுதோம், ஆனால் எறியவில்லை. வென்றோம். வென்றும் என்ன? ஒரே ஒரு வெற்றி குறைந்து கடைசி இடம். அணி போனது. குறைந்த அந்த ஒரு வெற்றி எந்த ஆட்டத்தில் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் தொப்பியை எறிந்தவன் யார் என்பதுதான் தெரியாது. எத்தனை வருடம் தேடினீர்கள்! மதுக்கடையில் எத்தனை பேர்மேல் பழி போட்டீர்கள்! நானும் சேர்ந்துதானே போட்டேன்!

நான்தான். நான்தான் எறிந்தேன். என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அணியைக் கொன்றவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

பொறுங்கள், பொறுங்கள். மைத்துனரே, உட்காருங்கள். கார்னெல் எழுந்து வருகிறார். கையில் என்ன அது? காதுமூடி வைத்த தொப்பி. சுரங்கத்து ஆணியில் எல்லார் தொப்பியும் ஒன்றாகத் தொங்கும் என்று நம் வீட்டுப் பெண்கள் உள்ளே வேலை எண்ணைத் தைத்துத் தருவார்களே, அந்தத் தொப்பி. அவர் பேசுவது உங்களுக்கு எட்டாது, நானே சொல்கிறேன்.

"நானூத்திப் பதினேழு. உங்க நம்பர்தானேண்ணே? முதல்ல வந்து விழுந்த தொப்பிய அப்பவே எடுத்து வெச்சுக்கிட்டேன். அந்த வாரமே சுரங்கத்துல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. யாரையுமே தெரியாத ஊர்ல எனக்கு முதமுதல்ல கிடைச்சது இதுதான். திருப்பிக் கேக்காதீங்க, தர மாட்டேன்."

கேட்டீர்களா? முப்பத்தைந்து வருடம் நான் மறைத்த குற்றத்தை, முப்பத்தைந்து வருடம் இவர் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கடைசி ஆட்டத்தில் அடக்கிவைத்த தொப்பிகள் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கின்றன. இங்கே நடுவர் இல்லை. விசில் இல்லை. இழக்கப் புள்ளியும் இல்லை. கார்னெல் இதோ நிற்கிறார். என் நன்றியையும் வணக்கத்தையும் இந்தப் புதுத் தொப்பியில் வைத்து முதலில் நானே எறிகிறேன். பழக்கம்தானே எனக்கு! ஹெம்லக் ரிட்ஜே, இப்போது எறி!