சூப்பை ருசி பார்த்தது நான்

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலின் உரிமையாளர் என் மாமனார். அங்கே சமையல் பொறுப்பு பதினாறு வருடமாக என்னுடையது. யாரும் வற்புறுத்தாமல் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

நான்கு பெஞ்சோடு மாமா தொடங்கிய ஓட்டல் அது. ஐம்பத்திரண்டு வருடமாக, கதவைத் திறக்கும் முன் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் பரிமாறலாம். அதன் பிறகு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரும்பி வரும் தட்டுகளைக் கவனிப்பார். ஒரு தட்டில் பாதி மிச்சமிருந்தால் எழுந்து அந்த மேசைக்கே போய், "என்னங்க குறை?" என்று கேட்பார். மாலை நான்கு மணிக்கு மகன்கள், மருமகள்கள், வேலையாட்கள் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். முதல் தட்டு பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு. அங்கே யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. என் கணவரும் அவர் தம்பியும் போட்ட சண்டைகளில் பாதி அந்த மேசையிலேயே தீர்ந்தன.

எட்டு வருடத்துக்கு முன் மாமாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அதன் பிறகு ஒரு நாள் பால் அடிப்பிடித்து ஓட்டல் முழுக்கத் தீய்ந்த நாற்றம். அடுப்பருகே நின்ற அவர் முகம் சுளிக்கவே இல்லை. தனியாக அழைத்துக் கேட்டேன். "வாசனையும் போச்சு, ருசியும் போச்சும்மா. உன்னோட இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு முன்னால் நான் ருசி பார்த்துவிடுவேன். அவர் கரண்டியை வாயில் வைத்தபடி என்னைப் பார்ப்பார். நான் கையைத் துடைத்தால் எல்லாம் சரி. துடைக்காமல் நின்றால் பாத்திரத்தோடு கொட்டச் சொல்லி, "உப்பு போட்டீங்களா, மூட்டையையே கவுத்தீங்களா?" என்று ஒரே அமர்க்களம் பண்ணுவார். என் கணவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஜலதோஷம். நாக்கில் எதுவும் தெரியவில்லை. சொன்னால் மாமா அன்று கதவைத் திறக்க மாட்டார். ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்குச் சொல்லியிருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோழி சூப்பை வாயில் வைத்தேன், கையைத் துடைத்தேன், அவர் தலையாட்டினார். முந்தின நாள் ஃபிரிட்ஜ் நின்றுபோனது பிறகுதான் தெரிந்தது.

பதினொரு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மாமா ஓட்டலை மூடிவிட்டுக் கட்டில் கட்டிலாகப் போய்க் கை கூப்பினார். நேற்று கடைசி ஆள் குணமாகி வீடு திரும்பிய பிறகு நேராக இங்கே வந்து, சூப் கெட்டது தெரிந்தும் பேராசையால் பரிமாறச் சொன்னதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தெரியாது என்றால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று காலை வீட்டு வாசலில், "நீ வாயைத் திறக்காதம்மா. நான் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு" என்றார். இந்த வீட்டுக்கு வந்த இருபத்தொரு வருடத்தில் அவர் சொல்லை மீறுவது இதுவே முதல் முறை. நான் சொல்வதில் சந்தேகமிருந்தால் அவருக்கு உப்புப் போட்ட டீ கொடுத்துப் பாருங்கள். குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி டம்ளரையும் கழுவி வைப்பார்.

இதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. மாமா எழுதிக் கொடுத்த தாளில் அவர் கையெழுத்து மட்டும்தான் உண்மை. இந்தத் தாளில் எல்லாமே உண்மை.

(ஒப்பம்) மருமகள்